இரண்டு லட்சம் ரூபாயில் பள்ளிக்கு என்ன வாங்கலாம்: பேனலா, டிவியா, டேப்லெட்டா, அட்டையா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "சார், நம்ம பேட்ச்ல ரெண்டு லட்சம் சேர்ந்திருக்கு. ஸ்கூலுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தந்துடலாமா?" கேட்கும்போதே பாதி முடிவெடுத்திருப்பார்கள். திறப்பு விழா, ரிப்பன், தலைமையாசிரியரோடு குரூப் போட்டோ என்று எல்லாவற்றுக்கும் தோதான பொருள் அதுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கைக்காசைக் கொடுக்கிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாதா என்ன? ஆனால் அதே இரண்டு லட்சத்துக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. அவற்றில் சில, பிள்ளைகளுக்கு இதைவிட அதிகம் பயன்படும்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவன் நான். 6 முதல் 10 வரை வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத கட்டடம். இப்படிப்பட்ட ஒரு பள்ளியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பறைக் கருவிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று காட்டும் கருவி: ஆசிரியரிடம் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும். இன்னொன்று கேட்கும் கருவி: பிள்ளைகளின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதை ஆசிரியருக்குச் சொல்லும். நன்கொடைப் பணம் பெரும்பாலும் முதல் சாதிக்கே போகிறது. பற்றாக்குறையோ இரண்டாவதில்தான். 40 பேர் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகப் பதில் வரும். அந்தக் கோரஸை நம்பிப் பாடத்தை முடித்துவிட்டுக் காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போது தலையில் கை வைக்காத ஆசிரியர் யாராவது இருக்கிறாரா?

ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

வாங்குவதற்கு முன்னால் பள்ளிக்குப் போய் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். தமிழ்நாட்டில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கம்ப்யூட்டர் அறை அமைத்திருக்கிறார்கள். 2024 முதல் நடுநிலைப் பள்ளிகளுக்கும் லேப் வந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சுமார் 80 ஆயிரம் டேப்லெட்கள் என்ற திட்டமும் அப்போதுதான் தொடங்கியது. நீங்கள் பணம் சேர்க்கும் பள்ளிக்கு இதில் எது வந்துவிட்டது, எது வரப்போகிறது என்பதைத் தலைமையாசிரியரிடமோ கல்வித் துறை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். நீங்கள் ஆகஸ்டில் ஸ்மார்ட் போர்டு மாட்டி, அக்டோபரில் அரசு இன்னொன்றை இறக்கினால் பணம் வீண்.

பாட வீடியோக்களும் அப்படித்தான். 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே கியூ.ஆர். கோடு உண்டு; ஸ்கேன் செய்தால் மத்திய அரசின் தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான வீடியோ திறக்கும். 2023இல் வந்த, மாநில அரசின் மணற்கேணி செயலியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை நம் பாடத்திட்டத்துக்கே எடுத்த வீடியோக்கள் தமிழில் இருக்கின்றன. எல்லாம் இலவசம். ஆகவே பேனல் விற்க வருகிறவர், "கன்டென்ட் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு இவ்வளவு" என்று தனியாக ஒரு தொகையை நீட்டினால், அந்த வரியை பில்லிலிருந்து அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கன்டென்ட்டில் பாதி நம் புத்தகத்தோடு ஒட்டாது. மீதிப் பாதி ஆங்கிலத்தில் இருக்கும்.

பெரிய பேனல்

இப்போது ஸ்மார்ட் போர்டு என்று எல்லோரும் சொல்வது தொடுதிரை பேனலைத்தான். 65 இன்ச் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். 75 இன்ச் என்றால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். உள்ளேயே ஆண்ட்ராய்டு இருப்பதால் லேப்டாப் தேவையில்லை. சுவிட்சைப் போட்டால் வேலை செய்யும், எழுதலாம், எழுதியதை பி.டி.எஃப். ஆகச் சேமித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பலாம். கணக்கு ஆசிரியர் ஒருவர் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்க இழுக்க, கோணங்களின் கூடுதல் 180 டிகிரியிலேயே நிற்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வாங்கின பிறகு தெரியும் சங்கடங்களும் உண்டு. பேனலை எங்கே மாட்டுவது? கரும்பலகைக்கு மேல் மாட்டினால் பலகை போயிற்று. பக்கத்தில் மாட்டினால் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து பாதிப் பேருக்குத் தங்கள் முகம்தான் தெரியும். இந்தப் பேனல்கள் பலவற்றில் தொடுகையைக் கண்டுபிடிப்பது திரை விளிம்பைச் சுற்றி ஓடும் அகச்சிவப்புக் கதிர். சாக்பீஸ் தூள் அந்த விளிம்பில் படிந்தால், யாரும் தொடாமலே கோடு விழும், அல்லது தொட்டாலும் விழாது. தினமும் ஈரமில்லாத துணியால் விளிம்பைத் துடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தொடுதிரையின் பயனும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். 40 பேரில் ஒருவர் எழுந்து வந்து தொடுவார், 39 பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

தொடுதிரைக்காக நீங்கள் தரும் கூடுதல் பணம் ஏறக்குறைய இன்னொரு டிவியின் விலை. அந்தக் கூடுதல் வசதியைத் தினமும் பயன்படுத்தும் ஆசிரியர் அந்தப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறாரா? இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்கி வைத்தால் யாராவது கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்து வாங்கிய பேனல், மாதம் ஒருமுறை வீடியோ போடும் டிவியாகத்தான் முடியும். அதற்கு டிவியையே வாங்கிவிடலாம்.

டிவி, புரொஜெக்டர், அப்புறம் ஒரு சின்ன கேமரா

எளிதாகத் தோன்றும் இந்த வழியில்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது அதிகம். திரையில் உள்ள எழுத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் படிக்க வேண்டும் என்றால், அவருக்கும் திரைக்கும் உள்ள தூரம் திரை உயரத்தைப் போல 6 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று ஆடியோ, வீடியோ தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. 55 இன்ச் டிவியின் உயரம் சுமார் 27 இன்ச். ஆறால் பெருக்கினால் பதின்மூன்றரை அடி. 65 இன்ச் என்றால் 16 அடி. 75 இன்ச் என்றால் 18 அடி சொச்சம். நம் வகுப்பறைகள் பெரும்பாலும் 20 அடியை ஒட்டியவை. முதல் பெஞ்சுக்கு முன்னால் விடும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால், 43 இன்ச் டிவியை மாட்டிவிட்டு "ஸ்மார்ட் கிளாஸ்" என்று பெயர்ப் பலகை வைப்பது பின்வரிசைப் பிள்ளைகளை ஏமாற்றுவது. கடைசி பெஞ்சுக்கு உதவி அதிகம் தேவை என்பது வேறு விஷயம்.

புரொஜெக்டர் இந்தக் கணக்கில் ஜெயிக்கும். சுவரில் 100 இன்ச் படம் விழுந்தால் 24 அடி வரை தாராளமாகப் படிக்கலாம். விலை 35 முதல் 50 ஆயிரம். ஆனால் நம் ஊர் வெயிலில், இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள வகுப்பறையில், திரைச்சீலை போடாமல் புரொஜெக்டர் படம் வெளுத்துத்தான் தெரியும். திரைச்சீலை போட்டால் காற்று வராது. மார்ச் மாதம் மதியம் மூன்று மணிக்கு 40 பிள்ளைகளை அப்படி உட்காரவைத்துப் பாருங்கள். பழைய வகை விளக்கு எரியும் புரொஜெக்டரில் சில ஆயிரம் மணி நேரம் ஓடியதும் விளக்கை மாற்ற வேண்டும், அதன் விலை நெஞ்சை அடைக்கும். லேசர், எல்.இ.டி. வகைகள் 20 ஆயிரம் மணி நேரம் வரை ஓடும், ஆனால் வாங்கும்போதே விலை அதிகம். கரண்ட் பட்டென்று போய் வரும் இடத்தில் மின்விசிறி ஓடி ஆறாமலே அணைவது விளக்கு வகைக்கு எமன். அதற்கு ஒரு யு.பி.எஸ். கட்டாயம்.

ஆகவே என் ஓட்டு சாதாரண 65 இன்ச் டிவிக்கு. 55 முதல் 65 ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. வெளிச்சத்திலும் தெரியும், மாட்டினால் மாட்டின இடத்தில் இருக்கும், ரிமோட்டை இயக்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். பின்வரிசைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் போதும்.

ஆனால் டிவி மட்டும் இருந்தால் அதுவும் வீடியோப் பெட்டிதான். அதை வகுப்பறைக் கருவியாக மாற்றுவது விஷுவலைசர் என்று விற்கிற சின்ன கேமரா. வளையும் கழுத்தில் ஒரு கேமரா, மேசையைப் பார்த்துக் கவிழ்ந்து நிற்கும், யு.எஸ்.பி. வயர் லேப்டாப்புக்குப் போகும். 6 முதல் 10 ஆயிரத்துக்கு நல்லதே கிடைக்கும். இதற்கு இவ்வளவு குறைவாக விளம்பரம் இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பத்தாம் வகுப்பில் பூவின் பாகங்களை நடத்தும்போது, பள்ளி வாசலில் பூத்த செம்பருத்தி ஒன்றைக் கேமராவுக்குக் கீழே வைத்து பிளேடால் நீளவாக்கில் கீறினால், டிவியில் முழங்கை அளவுக்குத் தெரியும். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒட்டிச் சேர்ந்து ஒரு குழாயாகச் சூலகத் தண்டைச் சுற்றி நிற்பது, குழாய் முனையைத் தாண்டி ஐந்தாகப் பிரிந்து சிவப்பு வெல்வெட் பொட்டுகளாக நிற்கும் சூலக முடி, அடியில் சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகளில் வெள்ளை மணிகளாகச் சூல்கள். புத்தகப் படத்தில் இருக்கும் பூவுக்கு இதில் எதுவும் இல்லை. 40 பேர் மேசையைச் சுற்றி முண்டியடித்து, முன்னால் நிற்கும் ஆறு பேர் மட்டும் பார்க்கும் பூ இல்லை இது. "சார், அந்த மஞ்சள் பொடியைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும்.

இன்னொரு பயன் இதைவிடப் பெரியது. பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு நோட்டை எடுத்து, பெயர் தெரியாதபடி கேமராவுக்குக் கீழே வைத்து, "இந்த மூணாவது வரியில என்ன நடந்திருக்கு?" என்று வகுப்பையே கேட்கலாம். ஒருவரின் தவறு எல்லோருக்கும் பாடமாகும். நோட்டுக்காரரைத் தவிர யாருக்கும் அது யாருடையது என்று தெரியாது. காட்டும் கருவி, கேட்கும் கருவியாக மாறும் இடம் இது.

கேமரா வாங்கக் காசில்லாவிட்டால், ஆசிரியரின் செல்போனை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கவிழ்த்து, படத்தை டிவிக்கு காஸ்ட் செய்தாலும் நடக்கும். நடுவில் போன் அடிக்கும், அவ்வளவுதான்.

டிவியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும், சில தமிழிலும் உண்டு. மின்சுற்று சிமுலேஷனில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துவிட்டு, எது அதிகம் எரியும் என்று முதலில் கேளுங்கள். பாதி வகுப்பு, பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது என்று சொல்லும். முதல் பல்பு கரண்ட்டைக் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்புகிறது என்ற எண்ணம். சுவிட்சை மூடினால் இரண்டும் ஒரே மாதிரி எரியும், எலெக்ட்ரான்கள் இரண்டிலும் ஒரே வேகத்தில் நகரும். முதலில் கேட்காமல் நேராகக் காட்டிவிட்டால் அது இன்னொரு கார்ட்டூன்தான்.

டேப்லெட்

15 டேப்லெட், ஒன்று 10 ஆயிரம் வீதம் ஒன்றரை லட்சம். உறை, சார்ஜ் ஏற்றும் பெட்டி, பீரோ எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சம் தீர்ந்தது. இரண்டு பேருக்கு ஒன்று என்றாலும் 30 பேருக்குத்தான் வரும்.

கருவியைக் கையில் கொடுத்தால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்த நாடு பெரு. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தில் கிராமப் பள்ளிகளுக்கு லேப்டாப்களை அள்ளிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. கம்ப்யூட்டர் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை.

இந்தியக் கதை இதைவிட சுவாரசியம். குஜராத்தில் ஞான் ஷாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் ஒரே கணித மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தார் பொருளாதார ஆய்வாளர் லீ லிண்டன். ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்து அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். அதையே பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது கற்றல் கூடியது. மென்பொருள் அதே மென்பொருள். வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராகக் கணக்கு விளையாட்டு ஆடியதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. திட்டம் நின்ற ஓராண்டுக்குப் பிறகு அதில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

டெல்லியில் 2015இல் பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் மற்ற இருவரும் சோதித்துப் பார்த்த மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருள் நன்றாகவே வேலை செய்தது. பள்ளி முடிந்த பிறகு மையத்துக்கு வந்து தினம் 90 நிமிடம், வாரம் ஆறு நாள். அதில் பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் ஓர் ஆசிரியரோடு சிறு குழு. நாலரை மாதத்தில், அந்த வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகளைவிடக் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேல் முன்னேற்றம். காரணம் மென்பொருளின் அழகு இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் நிற்கும் படியிலிருந்து தொடங்கவைத்தது. 40 பேர் வகுப்பில் புத்தகத்தை முடிக்க ஓடும் ஆசிரியரால் அதைச் செய்ய முடிவதில்லை. டேப்லெட் கேட்கும் கருவியாக, அதுவும் மிக நல்ல கருவியாக மாறுவது இப்படிப் பயன்படுத்தும்போதுதான்.

ஆகவே டேப்லெட் வாங்க நினைக்கும் பேட்ச் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். மாலையிலோ காலையிலோ கூடுதல் நேரம் உண்டா? அந்த நேரத்தில் கூடவே இருக்க ஓர் ஆள் உண்டா? பிள்ளையின் நிலைக்கு ஏற்ற மென்பொருள் எது என்று முடிவாகிவிட்டதா? மூன்றுக்கும் பதில் இருந்தால்கூட, முதலில் ஹைடெக் லேபின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். உயர்நிலைப் பள்ளியில் 10, 20 கம்ப்யூட்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவுக்கும் ஆன்லைன் தேர்வுக்கும் போக மிச்ச நேரம் அந்த அறை பூட்டிக் கிடந்தால், ஓடாத நான்கு சிஸ்டத்துக்கு ரேமும் பேட்டரியும் மாற்றித் தருவது 15 புது டேப்லெட்டைவிட மலிவு. நெட் இல்லாத இடத்தில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு கம்ப்யூட்டரில் போட்டால், மற்றவை வைஃபை வழியாக அதிலிருந்தே பாடங்களை எடுத்துக்கொள்ளும்.

டேப்லெட் பீரோவில் தூங்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மே மாத விடுமுறையில் சார்ஜ் முழுக்க இறங்கிய நிலையில் பூட்டி வைத்தால், ஜூனில் திறக்கும்போது சிலவற்றின் பேட்டரி உப்பியோ செத்தோ இருக்கும். பாதி சார்ஜில் அணைத்து வைக்க வேண்டும். இதை யார் செய்வது என்பது யாருடைய வேலைப் பட்டியலிலும் இருக்காது.

தொடக்கப் பள்ளிக்கு என்றால் கதை வேறு. அங்கே பிள்ளைகள் சத்தமாக வாசிக்க வேண்டும், யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். கூகுளின் ரீட் அலாங் செயலி தமிழ் வாசிப்பைக் கேட்டு, தடுக்கும் சொல்லை உச்சரித்துக் காட்டும். 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதை வைத்து வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள். வகுப்புக்கு மூன்று நான்கு பழைய செல்போன்கள் போதும், உங்கள் பேட்ச்காரர்கள் மாற்றிய போன்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும்தானே?

அட்டை

இதற்கு இரண்டு லட்சம் வேண்டாம், இருநூறு ரூபாய் போதும். அதனால்தான் யாரும் நன்கொடையாகத் தருவதில்லை என்று நினைக்கிறேன்.

பிளிக்கர்ஸ் என்ற செயலியின் தளத்திலிருந்து 40 அட்டைகளை இலவசமாக இறக்கி ஏ4 தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் கியூ.ஆர். கோடு போல ஒரு கறுப்புக் கட்டம், ஒவ்வொன்றும் வேறு வேறு. நான்கு பக்கங்களிலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த விடை என்று நினைக்கிறாயோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் செல்போன் கேமராவை ஒரு முறை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் போதும். யார் என்ன சொன்னார் என்று பெயரோடு திரையில் வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது, அவளுடைய கட்டமும் உன்னுடையதும் வேறு. அட்டைக்குப் பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள், ட்யூப் லைட் பட்டுத் தெறித்தால் கேமரா படிக்காது. தடித்த மங்கலான தாள் போதும்.

ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் பாடம். கேள்வி: மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? ஏ சுழியம், பி கீழ்நோக்கி 9.8, சி மேல்நோக்கி 9.8, டி எறிந்த வேகத்தைப் பொறுத்தது. புத்தகப் பின்கணக்கை எல்லாம் சரியாகப் போடும் பிள்ளைகள்கூடப் பாதிக்கு மேல் ஏ என்று தூக்குவார்கள். கல் நிற்கிறது, நின்றால் எல்லாமே சைபர். விடையைச் சொல்லாமல், "பக்கத்துல இருக்கிறவங்களோட ரெண்டு நிமிஷம் சண்டை போடுங்க" என்று விட்டுவிட வேண்டும். எங்காவது ஒரு பெஞ்சில் ஒரு பிள்ளை கேட்கும்: "முடுக்கமும் சைபர்னா கல்லு அங்கயே தொங்கணும்லடா, ஏன் கீழ வருது?" அந்த வாதம் பெஞ்சு பெஞ்சாகத் தாவும். மறுபடி அட்டையைத் தூக்கச் சொன்னால் பி ஏறியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததை எந்த பேனலும் காட்டாது.

இது புது முறையும் இல்லை. ஹார்வர்ட் பேராசிரியர் எரிக் மசூர் 1991இலேயே இப்படி இயற்பியல் நடத்தத் தொடங்கிவிட்டார்: கேள்வி, வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு, மறுபடி வாக்கு. பிற்பாடு வாக்குப் போட கிளிக்கர் என்ற ரிமோட்டுகள் வந்தன. விலை உயர்ந்த கிளிக்கர் நல்லதா, சாதாரண அட்டை நல்லதா என்று கனடாவில் நாதனியேல் லாஸ்ரி ஒப்பிட்டுப் பார்த்தார். 2008இல் வெளியான அந்த ஆய்வில், கற்றதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கருவியால் கூடுதலாக ஆசிரியருக்குக் கிடைப்பது பதிவு: யார் எந்தக் கேள்வியில் சறுக்கினார் என்று மறுநாளும் பார்க்கலாம். அந்தப் பதிவு வேண்டாம் என்றால் பிளிக்கர்ஸ்கூட வேண்டாம். நான்கு நிறச் சார்ட் அட்டைகள் போதும், நெட்டும் தேவையில்லை.

இதிலும் செலவு உண்டு, பணமாக இல்லை. நல்ல கேள்வி எழுத வேண்டும். தப்பான விடைகள் ஒவ்வொன்றும் பிள்ளைகள் உண்மையிலேயே நினைக்கும் தப்பாக இருக்க வேண்டும். அதற்கு வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், முந்தைய வருடத் தேர்வுத் தாள்களைப் புரட்ட வேண்டும். பாடத்துக்கு இரண்டு நல்ல கேள்வி இருந்தால் போதும், ஐந்தாறு பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிப் பகிர்ந்துகொண்டால் வருடம் முழுவதற்கும் தேறிவிடும். முன்னாள் மாணவர்களில் இயற்பியலோ கணக்கோ படித்தவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் பணத்தைவிட இதைக் கேட்கலாம்.

என் கணக்கு

அந்த இரண்டு லட்சம் என் கையில் வந்தால் இரண்டு வகுப்பறைகளில் 65 இன்ச் டிவி, இரண்டும் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்குள். இரண்டு விஷுவலைசர், 16 ஆயிரம் அளவில். இரண்டு வகுப்புக்கும் பொதுவாக ஒரு லேப்டாப், 35 ஆயிரம். பள்ளியில் வேறு லேப்டாப் இருந்தால் அந்தப் பணமும் மிச்சம். கரண்ட் திடீரென ஏறினால் சாமானைக் காக்கும் நல்ல ஸ்பைக் கார்டு இரண்டும் ஒரு ஸ்பீக்கரும். எல்லா வகுப்புக்கும் அட்டைகள். மிச்சம் 15 ஆயிரத்தைத் தொடாமல் ரிப்பேருக்கு வைப்பேன், ஏனென்றால் இரண்டாம் வருடம் லேப்டாப்பை டிவியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வயர் போகும், மூன்றாம் வருடம் லேப்டாப் பேட்டரி போகும், அப்போது எந்த பேட்சும் பணம் தர வராது. ஆயிரம் ரூபாய் வயர் இல்லாமல் முக்கால் லட்ச ரூபாய்ச் சாமான் சும்மா கிடப்பது பள்ளிகளில் புதிது இல்லை. ஆசிரியர் கைக்காசில் ரீசார்ஜ் செய்த ஹாட்ஸ்பாட்டில்தான் பல பள்ளிகளில் ஸ்மார்ட் கிளாஸ் ஓடுகிறது. அதற்கும் அந்தப் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு உண்டு.

இந்த ஒழுங்கை மாற்ற வேண்டிய பள்ளிகள் இருக்கின்றன. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் வகுப்பில், கைக்குக் கிட்டே வைத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் டேப்லெட் முதல் தேவை, டிவி அப்புறம்தான். காது கேட்காத பிள்ளை இருந்தால் வீடியோவுக்குத் தமிழ் எழுத்து வரி (சப்டைட்டில்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் வாங்க வேண்டும். அரங்கம் மாதிரி பெரிய ஹால் உள்ள மேல்நிலைப் பள்ளியில் புரொஜெக்டர்தான் பொருந்தும். மாலை வகுப்பு நடத்தத் தன்னார்வலர்கள் தயாராக இருக்கும் ஊரில், நான் சொன்னதை மறந்துவிட்டு லேபை ஓடவைப்பதற்கே முழுப் பணத்தையும் போடலாம், டெல்லி ஆய்வு சொல்வது அதைத்தான்.

வாங்கும்போது பில் தலைமையாசிரியர் பெயரில் வர வேண்டும், பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். அப்போதுதான் வாரண்டிக்கு அவரே போன் செய்ய முடியும், ஆசிரியர் மாறுதலில் போனாலும் சாமான் பள்ளியில் நிற்கும். "ஆன்சைட்" வாரண்டி, அதாவது பள்ளிக்கே வந்து சரிசெய்து தருவது, என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 65 இன்ச் டிவியைப் பஸ்ஸில் ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக யாராலும் ஆகாது. டிவி மாட்டும் நாளில் எந்த ஆசிரியர் அதைத் தினமும் தொடப்போகிறாரோ அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த உயரத்தில் மாட்ட வேண்டும், பிளக் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும், விழாவுக்கு வருகிறவர்களுக்கு அல்ல.